டொல்பின் வேனில் உன்னஸ்கிரியவுக்கு

நோர்வேயில் மலைகளுக்கு நடுவே கடல் புகுந்து நிற்கும் ஃபியோர்டுகளைக் கேம்பர் வேனில் சுற்றும் வீடியோக்களைப் பார்த்து ஆசைப்படாதவர் நம்மில் குறைவு. அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. கல்முனையில் சுபஹ் தொழுத கையோடு வெளிக்கிட்டால் அம்பாறை, மகாஓயா, மகியங்கனை தாண்டி, பதினெட்டு வளைவும் ஏறி, பகல் சாப்பாட்டை உன்னஸ்கிரியக் குளிரில் வைத்துக்கொள்ளலாம். அங்கிருந்து தெல்தெனியப் பக்கம் இறங்கினால் மலைகளுக்கு நடுவே நீண்டு கிடக்கும் தண்ணீர், 122 மீற்றர் உயர விக்டோரியா அணை மறித்த மகாவலி. பழைய தெல்தெனிய நகரம் அதற்கடியில்தான்.

நான் வாடகைக்கு எடுத்தது உயரக் கூரை டொல்பின்: ஹையேஸ் எல்.எச்.113, 2,779 சிசி டீசல், டர்போ கிடையாது. பின்பக்கத்தை ஒரு கராஜில் வீடாக்கியிருக்கிறார்கள்: மடிக்கும் கட்டில், 100 லீற்றர் தண்ணீர்த் தாங்கி, சின்ன ஃபிரிட்ஜ், கூரையில் 100 வாட் சோலர், ஒற்றை அடுப்பு. ரிவியும் உண்டு, எதற்கென்று தெரியவில்லை.

மகியங்கனை வரை குறை சொல்ல ஒன்றுமில்லை. வளைவுகள் தொடங்கியதும் இரண்டாம் கியர்தான். ஏசியை நிறுத்தினால் கொஞ்சம் மூச்சு விடுகிறது. வேலையைக் காட்டியது தாங்கி. நிரப்பினால் தண்ணீர் மட்டுமே 100 கிலோ. அதைப் பின் அச்சுக்கும் பின்னால், கதவோரம் வைத்ததால் கொண்டை ஊசி வளைவில் வால் இழுக்கிறது, ஸ்டியரிங் லேசாகிறது. அச்சுக்கு முன்னால், தரையோடு வைத்திருக்க வேண்டும். திரும்பி இறங்கும்போதும் அதே இரண்டாம் கியர். பிறேக்கை அழுத்திக்கொண்டே வந்தால் சூடேறும். பழைய பிறேக் ஒயில் கொதித்தால் பெடல் தரைவரை போகும். கட்டிலைப் பார்க்குமுன் ஒயில் எப்போது மாற்றியது என்று கேளுங்கள்.

ஃபிரிட்ஜ் 45 வாட். பாதி நேரம் ஓடினாலே நாளுக்கு 540 வாட் மணி. மூடுபனியில் அந்த ஒற்றைச் சோலர் எந்த மூலைக்கு? நெத்தலிக் கருவாடு கொண்டு போனால் பிரச்சினையே இல்லை.

ஒரு விடயத்தில் மட்டும் இந்த வண்டியை மனதாரப் புகழ்வேன். ஒழுச் செய்யத் தண்ணீர் கையோடு, சமையல் நம்முடையது. ஹலால் கடை தேடிப் பிள்ளைகளைப் பட்டினி போட வேண்டாம். அடுப்பை மட்டும் வெளியே இறக்கிவைத்து எரியுங்கள். கதவடைத்த வேனுக்குள் காஸ் எரிப்பது உயிருக்கு ஆபத்து. மகாஓயாப் பக்கம் யானை நடமாடும். இரவில் வீதியோரம் நிறுத்திப் படுக்க வேண்டாம்.

2020இல் வாகன இறக்குமதி நின்றபோது பழைய வேன்களின் விலை எங்கேயோ போனது. வருடத்தில் ஓரிரு பயணத்துக்காக வாங்காதீர்கள். வாடகைக்கு எடுங்கள், தாங்கி எங்கே இருக்கிறதென்று குனிந்து பார்த்துவிட்டு.