பாடுகளின் நினைவு: பாக்கு நீரிணையின் இரு கரைகளிலும் தவக்கால வழக்கங்கள்

கிறிஸ்துவின் பாடுகளை ஆண்டுதோறும் நாற்பது நாள் நினைவுகூர்வது கிறிஸ்தவ உலகெங்கும் உள்ள வழக்கம். கத்தோலிக்கர் அதைத் தவக்காலம் என்பர். சீர்திருத்தச் சபையார் லெந்து நாட்கள் என்பர். இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் இந்த வழக்கம் ஒரே வேரிலிருந்து கிளைத்தது. ஆயினும் துன்பத்தை எப்படிப் பார்ப்பது, அதை மற்றவர் முன் எப்படிச் சுமப்பது என்பதில் இரு கரைகளும் சற்றே வெவ்வேறு பழக்கங்களை வளர்த்துக்கொண்டன. அவற்றுக்குக் காரணம் இறையியலைவிட வரலாறே அதிகம்.

வேர் என்று சொல்லத்தக்க நூல் ஒன்று உண்டு. கோவாவின் திவார் தீவில் 1676-இல் பிறந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் 1705-இல் இலங்கைக்கு வந்து, 1742-இல் போலவத்தையில் இறக்கும்வரை சிங்களத்திலும் தமிழிலும் எழுதிக் குவித்தார். அவர் தமிழில் இயற்றிய ‘வியாகுலப் பிரசங்கம்’ ஆண்டவரின் பாடுகளைக் கட்டம் கட்டமாக எடுத்துரைக்கும் ஒன்பது பிரசங்கங்களைக் கொண்டது. பிரசங்கம் என்று பெயர் பெற்றாலும் அதை மேடைப்பேச்சாக யாரும் நிகழ்த்துவதில்லை. நீட்டி இழுத்த ஒரு துயர ராகத்தில், ஒப்பாரிக்கு அருகில் வரும் குரலில் வாசிப்பார்கள். வாசிப்பவர் பெரும்பாலும் குருவானவர் அல்லர். அந்த ராகத்தைத் தந்தையிடமோ பாட்டனிடமோ கேட்டுப் பழகிய ஊர்க்காரர். மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் கேட்கும் இந்த வாசிப்பு, எதிர்க்கரையில் தூத்துக்குடிப் பக்கத்து ஊர்களிலும் கேட்டதுண்டு. இலங்கையில் எழுந்த ஒரு தமிழ் நூல் தமிழ்நாட்டின் பக்தியிலும் இடம்பெற்றது என்பதை இலக்கிய வரலாறுகள் இன்னும் உரிய அளவில் பேசவில்லை.

இலங்கையில் பொதுநிலையினர் இவ்வளவு முன்னணியில் நிற்பதற்கு ஒடுக்குமுறையே காரணம். 1658-இல் போர்த்துக்கீசர் யாழ்ப்பாணத்தை இழந்தபின் ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்தனர். குருக்கள் இல்லாத ஊர்களில் மூப்பர்களும் அண்ணாவிமாரும் செபம் சொல்லி மக்களைக் காத்தனர். 1687-இல் யோசேப் வாஸ் அடிகள் வறியவர் கோலத்தில் யாழ்ப்பாணத்தில் இறங்கியபோது, குருவின்றியே தம் விசுவாசத்தைக் காத்த இத்தகைய மக்களைத்தான் கண்டார். பத்து ஆண்டுகள் கழித்து, 1697-இல், கண்டியில் பெரியம்மை பரவியது. நோயாளிகளை உற்றாரே கைவிட்டுப் போன வேளையில் அவர் வீடு வீடாகச் சென்று கழுவி, உணவூட்டி, இறந்தவர்களைப் புதைத்தார். கண்டி மன்னன் அவர் மீது வைத்த நம்பிக்கைக்கு அந்தச் சேவை வலுவூட்டியது. பாடுகளைத் தியானித்தவர் பிறருடைய புண்ணைத் தொடத் தயங்கவில்லை. இலங்கைத் திருச்சபையின் நினைவில் இந்தப் படிமம் ஆழப் பதிந்திருக்கிறது. 2015 ஜனவரி 14 அன்று கொழும்பில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

பெரிய வெள்ளியைப் பொறுத்தவரை இலங்கை வழக்கம் ஒரு சாவு வீட்டின் ஒழுங்கையே பின்பற்றுகிறது. மன்னார்த் தீவின் பேசாலையில் ‘உடக்குப் பாஸ்’ என்றொரு மரபு உண்டு. கை, கால், தலை அசையும்படி மூட்டிச் செய்த மர உருவங்களே உடக்குகள். ஆட்கள் மறைவில் நின்று அவற்றை இயக்க, பாடுகளின் காட்சிகள் ஒவ்வொன்றாக விரியும். நடிகரின் முகபாவத்தைக் காணப் பழகிய கண்ணுக்கு அசைவு மெதுவாகத்தான் தோன்றும். ஆனால் மெதுவாகக் குனியும் அந்த மரத்தலையைப் பார்த்து ஊரே விம்முவது வழக்கம். நடிகருக்கு ஊரில் ஒரு பெயரும் வீடும் உண்டு. உடக்குக்கு அவை இல்லாததால் கவனம் சிதறுவதில்லை. சிலுவையிலிருந்து இறக்கிய சுரூபத்தை ஆசந்தி என்னும் பாடையில் கிடத்தித் தூக்கிச் செல்வதும், மக்கள் வரிசையில் நின்று முத்தி செய்வதும் இந்த ஒழுங்கின் உச்சம்.

சிங்களம் வழங்கும் நீர்கொழும்புக் கரையிலும் இதே போக்கு. அங்குள்ள துவையில் சுரூபங்களைக் கொண்டு நடந்த பாடுகளின் காட்சியில் பின்னாளில் ஆட்களும் நடிக்கத் தொடங்கினர். 1939-இல் அங்குப் பங்குத்தந்தையாக வந்த மார்செலின் ஜயக்கொடி அடிகள் அதற்குப் புதுப் பாடல்களும் வடிவமும் தந்தார். அதற்கும் முன்னர் 1923-இல் போரலெஸ்ஸவில் லோரன்ஸ் பெரேரா, ஜெர்மனியின் ஓபரம்மர்காவ் ஊரின் பாடுகளின் நாடகத்தை முன்மாதிரியாகக் கொண்டு பெரிய அளவில் ஒன்றை மேடையேற்றினார். யாழ்ப்பாணத்தில் நீ. மரிய சேவியர் அடிகள் 1965-இல் தொடங்கிய திருமறைக் கலாமன்றம் இந்த மரபை நவீன அரங்கின் பக்கம் கொண்டுவந்தது. போர் நடந்த ஆண்டுகளிலும் மன்றம் ஓய்ந்துவிடவில்லை.

தமிழ்நாட்டின் உட்பகுதி ஊர்களில் ‘பாஸ்கா’ என்று வழங்குவதன் சுவை வேறு. புதுக்கோட்டை மாவட்டத்து ஆவூர், சிவகங்கை மாவட்டத்து இடைக்காட்டூர் போன்ற இடங்களில் அது நாடகமும் திருவிழாவும் கலந்தது. கதை கல்லறையோடு நிற்பதில்லை. உயிர்ப்பு வரை செல்கிறது. ஆவூரில் தேரும் உண்டு. வெளியூரில் வேலைக்குப் போனவர்கள் இதற்கென ஊர் திரும்புவார்கள். பிற சமயத்தாரும் திரளாக வந்து அமர்வார்கள். தெருக்கூத்தும் நாடகக் கொட்டகையும் வளர்த்த ரசனை அதில் தெரியும்: அரசவை வசனம், நீண்ட வாதம், யூதாசின் புலம்பல் ஆகியவற்றுக்கு இங்கே தனி இடம். ஒல்லாந்தர் காலத் தடை போல எங்கும் நீடித்த ஒன்றை இத்தகைய மதுரை மிஷன் ஊர்கள் சந்திக்கவில்லை. ஆங்காங்கே ஆட்சியாளர்களின் தயவும் கோபமும் மாறிமாறி வந்தன. ஊர் நடுவில் தேர் இழுத்துத் தங்கள் விசுவாசத்தைக் காட்ட அவ்வூர் மக்களால் முடிந்தது. ஆகவே இலங்கை வழக்கில் துக்கம் காத்தல் மேலோங்க, தமிழ்நாட்டு வழக்கில் சாட்சி சொல்லுதல் மேலோங்கியது. இதை உயர்வு தாழ்வாகக் கொள்ளத் தேவையில்லை.

சீர்திருத்தச் சபைகளில் இந்த வேறுபாடு ஏறக்குறைய மறைந்துவிடுகிறது. நண்பகல் முதல் மூன்று மணிவரை நடக்கும் மும்மணி நேர ஆராதனையும், சிலுவையின் ஏழு வார்த்தைகள் பற்றிய ஏழு செய்திகளும் இரு கரைகளுக்கும் பொது. 1947-இல் உருவான தென்னிந்தியத் திருச்சபையில் யாழ்ப்பாணமும் ஒரு பேராயமாகவே சேர்ந்தது. எல்லை கடந்து இன்றும் அது அப்படியே தொடர்கிறது. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் காலம் முதல் பெருகிய தமிழ்க் கீர்த்தனைகள் இரு நாட்டுச் சபைகளிலும் ஒரே ராகத்தில் ஒலிக்கின்றன. ஆராதனை முடிந்ததும் கன்னியாகுமரிப் பக்கத்தில் கஞ்சியும் பயறும் பரிமாறுவார்கள். உபவாசம் இருந்தவரும் வழிப்போக்கரும் ஒரே பந்தியில் அமர்வார்கள்.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இரு நாட்டிலும் இந்த நினைவுக்குப் புதிய பொருள் சேர்ந்தது. இலங்கையில் அதற்குக் காரணம் போர். 1995 ஜூலை 9 அன்று நவாலி தேவாலயத்திலும் அதன் சுற்றுப்புறத்திலும் தஞ்சம் புகுந்திருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் விமானக் குண்டுவீச்சில் கொல்லப்பட்டனர். 1999 நவம்பரில் மடுத் திருத்தலத்தில் எறிகணை விழுந்து அகதிகள் மடிந்தனர். வெளிப்படையாக அழுவதே ஆபத்தாயிருந்த காலத்தில், பெரிய வெள்ளியன்று ஆசந்தியின் அருகில் அழும் தாய் தன் மகனுக்காகவும் அழலாம்; அதை யாரும் தடுக்க முடியாது. ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட வியாகுலப் பிரசங்கத்தின் ராகம் அவளுக்குக் கைகொடுத்தது.

இந்தியாவில் புதிய பொருளைத் தந்தது சாதி. 1981-இல் பெங்களூரில் அரவிந்த் நிர்மல் ஆற்றிய உரையிலிருந்து தலித் இறையியல் ஒரு தனித்துறையாக எழுந்தது. துன்புறும் கிறிஸ்துவை ஒதுக்கப்பட்டவரோடு ஒதுக்கப்பட்டவராகக் கண்டது அது. மதுரைத் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் தியோபிலஸ் அப்பாவு அதே கருத்தை நாட்டுப்புற இசையில் கொண்டுவந்தார். ஆலயத்துக்குள்ளேயே தனி இருக்கையும் தனிக் கல்லறையும் கண்ட மக்களுக்குப் பாடுகளின் கதை பொறுத்துப்போகச் சொல்லும் உபதேசமாக மட்டும் இருக்க முடியாது. 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை கிறிஸ்தவத் தலித்துகளைப் பட்டியல் சாதிப் பிரிவிலிருந்து விலக்கியது. அதை எதிர்த்து ஆகஸ்ட் 10 கறுப்பு நாளாக அனுசரிக்கப்படுகிறது. சிலுவைப் பாதையில் இந்தக் கோரிக்கைகள் தியானமாக இடம்பெறுவதும் உண்டு. அது பக்தியைக் கெடுக்கிறது என்பாரின் வாதத்தில் வலு இல்லை. பிலாத்துவின் தீர்ப்பே ஓர் அநீதித் தீர்ப்புத்தானே.

பாடுகளைத் தியானிப்பவர் தம் பகைவரிடம் எப்படி நடந்துகொள்கிறார் என்பதில்தான் இந்த வழக்கங்களின் கடினமான பகுதி இருக்கிறது. 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில் தொழுநோயாளரிடையே ஊழியம் செய்த கிரகாம் ஸ்டெய்ன்சும் அவருடைய இரு சிறு மகன்களும் வண்டிக்குள் உறங்குகையில் எரித்துக் கொல்லப்பட்டனர். அவருடைய மனைவி கிளாடிஸ் ஸ்டெய்ன்ஸ் கொலைகாரரை மன்னித்ததாகச் சொன்னார். மகளுடன் ஒடிசாவிலேயே தங்கி, மயூர்பஞ்சு தொழுநோய் இல்லத்தைத் தொடர்ந்து நடத்தினார். குற்றத்துக்குரிய விளைவைச் சட்டம் பார்த்துக்கொள்ளும், மன்னிப்பு வேறு என்பது அவர் நிலை. 2005-இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது.

இலங்கையில் 2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறு. கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயம், கட்டுவப்பிட்டி செபஸ்தியார் ஆலயம், மட்டக்களப்பு சீயோன் ஆலயம், கொழும்பின் விடுதிகள் ஆகிய இடங்களில் நடந்த தற்கொலைத் தாக்குதல்களில் 250-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். இரத்தம் தெறித்த உயிர்த்த ஆண்டவர் சுரூபம் கட்டுவப்பிட்டியில் அப்படியே பாதுகாக்கப்படுகிறது. பழிவாங்கப் புறப்பட வேண்டாம் என்று கர்தினால் மல்கம் ரஞ்சித் உடனே மக்களைக் கேட்டுக்கொண்டார். அடுத்த ஆண்டு உயிர்ப்பு விழாவில் தாக்கியோரை மன்னித்ததாக அறிவித்தார். அதே வேளையில் உண்மை வெளிவர வேண்டும் என்று அவர் கேட்பதை நிறுத்தவில்லை. 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம், எச்சரிக்கை கிடைத்தும் தாக்குதலைத் தடுக்கத் தவறியமைக்காக, முன்னாள் சனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய் இழப்பீடு செலுத்த உத்தரவிட்டது. ஒடிசாவில் தனியொருத்தி சொன்னதை இங்கே ஒரு திருச்சபையே சொல்ல வேண்டியிருந்தது. எல்லார் மனமும் ஒரே வேகத்தில் ஆறாது. உறவை இழந்தவரிடம் மன்னிப்பைக் கடனாகக் கேட்க எவருக்கும் உரிமை இல்லை.

இரு கரையினரும் சேர்ந்தே சிலுவைப் பாதை செய்யும் இடம் ஒன்று உண்டு: பாக்கு நீரிணையில் உள்ள கச்சத்தீவின் அந்தோனியார் ஆலயம். தவக்காலத்தை ஒட்டிப் பிப்ரவரியிலோ மார்ச்சிலோ வரும் இந்தத் திருவிழாவுக்கு இராமேசுவரத்திலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் நெடுந்தீவிலிருந்தும் படகுகள் வருகின்றன. முதல் நாள் கொடியேற்றம், மாலையில் ஆலயத்தைச் சுற்றிச் சிலுவைப் பாதை, இரவில் தேர்; மறுநாள் காலை திருப்பலி. போர்க்காலத்தில் பல ஆண்டுகள் விழா நின்றிருந்தது. 2016-இல் புதிய ஆலயம் திறக்கப்பட்டது. ஆனால் தோளோடு தோள் நின்று மன்றாடும் இந்த மக்களிடையேதான் கடலில் வழக்கும் இருக்கிறது. தமிழ்நாட்டின் இழுவை மடிப் படகுகளால் வலையும் மீன்வளமும் அழிவதாக வடமாகாண மீனவர் முறையிடுகின்றனர். கைதும் படகுப் பறிமுதலும் தங்கள் வயிற்றில் அடிப்பதாக இராமேசுவரத்தார் சொல்கின்றனர். 2024-இல் கைதுகளைக் கண்டித்துத் தமிழ்நாட்டு மீனவர் விழாவையே புறக்கணித்தனர். 2025 மார்ச் 14, 15 நாட்களில் விழா நடந்தபோது அவர்கள் மீண்டும் வந்தனர். கடல் வழக்கு தீராமலே இருந்தது.