பெட்டிக்குள் ஒரு நாகஸ்வரம்

திருச்சுழி, அருப்புக்கோட்டைப் பக்கம் நாகஸ்வரம் வெட்டவெளி வாத்தியம். பங்குனிப் பொங்கலுக்குக் கரகாட்டத்தோடு வரும் நையாண்டி மேளமானாலும் சரி, கோயில் புறப்பாடானாலும் சரி, சத்தம் கருவேலங்காட்டைத் தாண்டிப் போக வேண்டும். கூடவே தவில் இருக்கும். தவில் இல்லாத நாகஸ்வரத்தை இந்த ஊர்க் காது அரைகுறையாகத்தான் எடுத்துக்கொள்ளும். எபர்ஹார்ட் வெபரின் ‘கலர்ஸ்’ பெட்டியை அந்தக் காதோடு கேட்பதில் ஒரு லாபம் உண்டு: ஐரோப்பிய விமர்சகர் ‘கிழக்கின் வாசனை’ என்று கடந்துபோகும் இடத்தில், நாம் நின்று கணக்குக் கேட்போம்.

வெபர் ஜெர்மனியின் பாஸ் கலைஞர். நின்று வாசிக்கும் மின்சார பாஸ் அவருடைய அடையாளம். அவருடைய கலர்ஸ் குழு மூனிச்சின் இ.சி.எம். நிறுவனத்துக்காக மூன்று தட்டுகள் பதிவு செய்தது: ‘யெல்லோ ஃபீல்ட்ஸ்’ 1975இல், ‘சைலன்ட் ஃபீட்’ 1977இல், ‘லிட்டில் மூவ்மென்ட்ஸ்’ 1980இல். அந்த மூன்றையும் மூன்று குறுந்தகடுகளாக ஒரே பெட்டியில் போட்டதுதான் மறுவெளியீடு. முதல் தட்டில் சாக்ஸபோன், ஷெனாய் இவற்றோடு நாகஸ்வரமும் வாசித்தவர் சார்லி மரியானோ. 1923இல் பாஸ்டனில் பிறந்தவர். சார்லஸ் மிங்கஸின் 1963ஆம் ஆண்டு இசைத்தட்டில் வாசித்துப் பெயர் வாங்கியவர். 1960களின் பிற்பகுதியில் மலேசியாவில் இருந்தபோது நாகஸ்வரம் அவரைப் பிடித்துக்கொண்டது.

பெட்டி போடுவதில் இரண்டு வகை உண்டு. மைல்ஸ் டேவிஸின் மின்சார ஜாஸுக்குக் கொலம்பியா போட்ட பெட்டிகள் ஒரு வகை. ‘ஜாக் ஜான்சன்’ இசைத்தட்டில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டே பாட்டு. 2003இல் வந்த பெட்டியிலோ ஐந்து குறுந்தகடுகள். அந்த இரண்டில் ஒன்றான ‘ரைட் ஆஃப்’ மட்டும் டேக் டேக்காக வரிசையில் நிற்கும். தயாரிப்பாளர் டியோ மாசெரோ நாடாவை வெட்டி ஒட்டி எடுத்த முடிவுகளில்தான் அந்த இசையின் பாதி உயிர் இருக்கிறது. வெட்டுவதற்கு முந்தைய சரக்கு முழுவதையும் நம் முன் கொட்டுவது, விருந்துக்கு அழைத்துவிட்டு அடுப்படியில் உட்காரவைப்பது போலத்தான். ஆராய்கிறவருக்கு அது புதையல். கேட்க வந்தவருக்கு மூன்றாவது டேக்கிலேயே அலுப்புத் தட்டும்.

இ.சி.எம். பெட்டி நேர் எதிர். மிச்சம் மீதி எதையும் சேர்க்காமல் மூன்று தட்டுகளை அப்படியே அடுக்கிவைத்திருக்கிறது. கஞ்சத்தனமாகத் தெரிந்தாலும் எனக்கு இதுவே சரி. ஆண்டுக்கணக்கான இடைவெளியில் ஒவ்வொன்றாக வாங்கியவருக்குப் பிடிபட்டிருக்காத ஒன்று, மூன்றையும் ஒரு மூச்சில் கேட்டால் பிடிபடுகிறது: குழுவிலிருந்து நாகஸ்வரம் வெளியேறும் விதம். முதல் தட்டில் ட்ரம்ஸ் வாசித்தவர் யோன் கிறிஸ்டென்சன். அவர் தாளத்தை அறைவதில்லை, சிம்பலில் தூவிவிடுகிறார். ரைனர் ப்ரூனிங்ஹௌஸின் மின்சார பியானோ சுருள்சுருளாக வரும். வெபரின் பாஸ் சுருதி போல ரீங்கரிக்கும். அந்தத் தரையில் சீவாளிக் குரலுக்கு நிற்க இடம் இருக்கிறது. இரண்டாம் தட்டில் ‘சாஃப்ட் மெஷின்’ குழுவிலிருந்த ஜான் மார்ஷல் வருகிறார். தாளம் இறுகுகிறது, வேகம் கூடுகிறது. மரியானோவின் கையில் சாக்ஸபோனும் புல்லாங்குழலும்தான். மூன்றாவதிலும் அப்படியே.

இழப்புதானா என்று கேட்டால், முழுவதும் அப்படிச் சொல்ல மாட்டேன். ‘யெல்லோ ஃபீல்ட்ஸி’ன் நாகஸ்வரத்தில் குறை இருக்கிறது. சொற்றொடர்கள் குட்டையானவை. கமகம் மேலோடு நின்றுவிடுகிறது. ராகத்துக்குள் இறங்குவதைவிட அந்தக் குரலின் நிறம்தான் அவருக்கு வேண்டியிருந்தது. பதில் சொல்லத் தவில் இல்லை. இ.சி.எம்.முக்கே உரிய எதிரொலிப் பூச்சு வேறு வாத்தியத்தின் முனையை மழுக்கி, தெருவில் நிற்க வேண்டியதைக் கண்ணாடிக்குப் பின்னால் நிறுத்திவிடுகிறது. ஆனால் தோடி வாசிக்கிறேன் என்று அவர் சொல்லிக்கொள்ளவும் இல்லை. ‘சைலன்ட் ஃபீட்’டில் அவருடைய சோப்ரானோ சாக்ஸபோன் ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கி ஏறும் விதத்தைக் கவனியுங்கள். உதட்டாலும் மூச்சாலும் ஸ்வரத்தை இழைக்கும் அந்தப் பழக்கம் நாகஸ்வரத்திலிருந்து வந்தது என்றே என் காதுக்குப் படுகிறது. வாத்தியம் போனாலும் பயிற்சி தங்கிவிட்டது. இந்தத் தீர்ப்புக்கு வர எனக்கு மூன்று தட்டும் தேவைப்பட்டன.

விலை கொடுத்துப் பெட்டியை வரவழைக்கிறவர்கள் நம் பக்கத்தில் எத்தனை பேர் இருந்துவிடப் போகிறார்கள்? 2017 நவம்பரில் இ.சி.எம். தன் இசையை இணைய ஒலிபரப்புச் செயலிகளுக்குத் திறந்துவிட்டபிறகு கைப்பேசியே போதும். அதில் வசதி உண்டு, சேதமும் உண்டு. ‘யெல்லோ ஃபீல்ட்ஸி’ல் வரும் ‘சாண்ட் கிளாஸ்’ பதினைந்து நிமிடத்துக்கு மேல் ஓடுவது. இசைத்தட்டில் அது முடிந்ததும் எழுந்து பக்கம் திருப்பியாக வேண்டும். அந்த இடைவெளியும் கேட்பதில் சேர்த்திதான். குறுந்தகடு அதை எடுத்துவிட்டது. செயலியோ பாட்டுகளைக் கலைத்துப்போட்டால் வரிசையையே எடுத்துவிடுகிறது. வரிசை போனால் நான் மேலே சொன்ன வாதமும் போயிற்று.

என் பெரிய மனத்தாங்கல் வேறு. இப்படிப்பட்ட பெட்டிகள் தலைவர் பெயரில் கட்டப்படுகின்றன. வெபர் பெயர் போட்ட பெட்டி என்பதால் மரியானோவின் கதை நடுவிலேயே அறுந்துவிடுகிறது. அதே இ.சி.எம்.முக்காக 1983இல் அவர் பெங்களூருவின் கர்நாடகா காலேஜ் ஆஃப் பெர்கஷன் குழுவோடு ‘ஜோதி’ பதிவு செய்தார். அதில் டி.ஏ.எஸ். மணியின் மிருதங்கம் உண்டு, கடமும் கஞ்சிராவும் உண்டு. தவிலுக்கு அது ஈடாகாது என்று இந்தப் பக்கத்தில் யாரும் சண்டைக்கு வரலாம், வரட்டும். ஆர்.ஏ. ராமமணியின் குரலுக்கு மரியானோ பதில் சொல்வது சாக்ஸபோனிலும் புல்லாங்குழலிலும்தான். ‘யெல்லோ ஃபீல்ட்ஸி’ல் பதில் சொல்ல ஆளில்லாமல் நின்ற அந்த நாகஸ்வரக் குரலுக்கு, எட்டு ஆண்டு கழித்து எதிர்ப்பாட்டு கிடைக்கிறது. இந்தப் பெட்டியை வாங்குகிறவர் ‘ஜோதி’யைத் தனியாகத் தேடி எடுத்து, நான்காவது தட்டாகத் தானே சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான்.