கப்பலில் ஒரு சிரிப்பு, கரையில் ஒரு சிரிப்பு

பிரயாணக் கட்டுரை எழுதுவது சுலபம் என்று நான் நினைத்திருந்த காலம் ஒன்று உண்டு. கதை எழுத வேண்டுமானால் பாத்திரங்களைத் தேடிப் பிடிக்க வேண்டும். பிரயாணத்தில் அவர்கள் தாங்களாகவே வந்து எதிர் ஆசனத்தில் உட்காருகிறார்கள். டிக்கெட்டுப் பணம்தான் செலவு. அந்த நினைப்பு தவறு என்று எனக்குப் புரிந்த விதத்தைப் பின்னால் சொல்கிறேன். அதற்கு முன்பு, பல வருஷங்களாக நான் திரும்பத் திரும்ப எடுத்துப் படிக்கும் ஒரு கப்பல் பிரயாண நூலைப் பற்றிச் சொல்ல வேண்டும். மார்க் ட்வெயின் எழுதிய 'இன்னொசென்ட்ஸ் அப்ராட்' என்ற புத்தகம் அது. 'அயல்நாடு போன அப்பாவிகள்' என்று தமிழில் வைத்துக் கொள்ளலாம்.

1867-ஆம் வருஷம் ஜூன் 8-ந் தேதி நியூயார்க் துறைமுகத்தை விட்டு 'குவேக்கர் சிட்டி' என்ற நீராவிக் கப்பல் கிளம்பியது. இரு பக்கமும் பெரிய சக்கரங்கள் சுழல ஓடும் அந்தக் காலத்துக் கப்பல். அமெரிக்க உள்நாட்டு யுத்தத்தில் சேவை செய்த கப்பல். சும்மா ஊர் பார்ப்பதற்கென்றே ஒரு கப்பலை அமர்த்திக் கொண்டு ஐந்து மாதத்துக்கு மேல் சுற்றி வருவது அந்நாளில் புதுமை. கட்டணம் 1,250 டாலர். விண்ணப்பித்தவர்களை ஒரு கமிட்டி பரிசீலித்துத்தான் சேர்த்துக் கொண்டது. பிரபல பிரசங்கி ஹென்றி வார்ட் பீச்சர் வருகிறார், ஜெனரல் ஷெர்மன் வருகிறார் என்றெல்லாம் பேச்சு அடிபட்டது, இருவருமே வரவில்லை. வந்தவர்களில் பெரும்பாலோர் வயதும் வசதியும் பக்தியும் நிறைந்தவர்கள். அவர்களுக்கு நடுவே 31 வயது ட்வெயின். அவருடைய கட்டணத்தை ஸான்பிரான்ஸிஸ்கோவின் 'ஆல்ட்டா கலிபோர்னியா' பத்திரிகை கட்டியிருந்தது. பதிலுக்கு வழியெல்லாம் அவர் கடிதங்கள் எழுதி அனுப்ப வேண்டும். அந்தக் கடிதங்களைத் திருத்தியும் பெருக்கியும் 1869-ல் புத்தகமாக்கினார். அவர் உயிரோடு இருந்த வரையில் அவருடைய புத்தகங்களுள் அதிகம் விற்றது இதுதான்.

இதை ஹாஸ்ய நூல் என்று எல்லோரும் சொல்கிறார்கள். சரிதான். ஆனால் இதில் இருப்பது ஒரு ஹாஸ்யம் அல்ல. இரண்டு என்பது என் அபிப்பிராயம். ஒன்று கப்பலில் பிறந்தது, மற்றொன்று கரையில் பிறந்தது. இரண்டையும் ஒரே பேனாதான் எழுதியிருக்கிறது. ஆனாலும் ருசி வேறு.

முதலில் கப்பலைப் பார்ப்போம். கடலில் பொழுது போவது கஷ்டம். மேல்தளத்தில் நடனம் வைக்கிறார்கள். கப்பல் ஒரு பக்கம் சாயும்போது ஆடுகிறவர்கள் எல்லோரும் அந்தப் பக்கமே சரிகிறார்கள். ஒருவருடைய மேல்கோட்டைத் திருடியதாகக் கப்பல் கணக்கர்மேல் பொய் வழக்கு ஜோடித்து, நீதிபதி, வக்கீல், சாட்சி எல்லாம் வைத்து விசாரணை நடத்துகிறார்கள். தினசரிக் குறிப்பு எழுதும் ஜுரம் முதல் வாரத்தில் எல்லோரையும் பிடிக்கிறது. பக்கம் பக்கமாக எழுதிக் குவித்த வாலிபன் ஒருவன், நாளாக நாளாகப் பின்தங்கி, கடைசியில் நோட்டுப் புத்தகத்தையே தொடுவதில்லை. மார்கழி முதல் தேதி புது டைரி வாங்கித் தை பிறப்பதற்குள் கைவிடும் நம் வீட்டுப் பிள்ளைகளைத்தான் நினைத்துக் கொண்டேன்.

பிரார்த்தனைக் கூட்டம் நித்தியம் நடக்கிறது. நல்ல காற்று வீசவேண்டும் என்று பக்தர்கள் மனமுருகி வேண்டுகிறார்கள். கப்பல் அதிகாரி ஒருவருக்கு அது பொறுக்கவில்லை. இந்தப் பருவத்தில் கிழக்கே போகிற கப்பல் நம்முடையது ஒன்றுதான். மேற்கே வருகிற கப்பல்களோ ஆயிரம். நமக்கு அனுகூலமான காற்று அத்தனை பேருக்கும் எதிர்க்காற்று ஆயிற்றே, இது என்ன தர்மம் என்று அவர் கேட்கிறார். பக்தியின் சுயநலத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொன்னவர்கள் அதிகம் பேர் இல்லை. இதில் விஷம் துளியும் இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். பிரார்த்தித்தவர்கள் மறுநாள் காலை அதே மேஜையில் ட்வெயினுக்கு எதிரே உட்கார்ந்து காப்பி குடிக்கப் போகிறவர்கள் அல்லவா?

அது மட்டுமல்ல. கூட வந்த பிரயாணிகளில் மேரி பேர்பாங்க்ஸ் என்ற அம்மாள் ஒருத்தி இருந்தாள். அவளும் தன் ஊர்ப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதி வந்தவள். ட்வெயின் எழுதுவதைப் பற்றி அவள் யோசனை சொல்வாள். அவரும் அவளைத் தாய் என்றே அழைத்துக் கேட்டுக் கொள்வார். கப்பலில் எழுதியவனுக்குப் பக்கத்திலேயே வாசகர் ஒருவர் இருந்தார் என்பது சாமானிய விஷயமல்ல.

கப்பலில் சிரிப்பு திரும்பியும் வரும். யால்ட்டாவில் இறங்கி ரஷ்யச் சக்கரவர்த்தி இரண்டாம் அலெக்ஸாண்டரைப் பேட்டி கண்டு வரவேற்புப் பத்திரம் வாசித்தார்கள். அதைத் தயாரித்த கமிட்டியில் ட்வெயினும் உண்டு. கப்பல் திரும்பியதும் மாலுமிகள் என்ன செய்தார்கள்? சமையல்காரன் ஒருவன் தகரக் கிண்ணத்தைக் கிரீடமாகக் கவிழ்த்து, கறை படிந்த மேஜைத் துணியைப் போர்த்திக் கொண்டு சக்கரவர்த்தியாகக் கொலுவிருந்தான். மற்றவர்கள் அதே பத்திரத்தை அட்சரம் பிசகாமல் வாசித்துக் காட்டினார்கள். ஊரையெல்லாம் பரிகசித்த மனிதர் தாம் எழுதிய வாக்கியங்களையே கேட்டுக் கேட்டுச் சலித்துப் போனதாக ஒப்புக் கொள்கிறார். புத்தகத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

இனிக் கரைக்கு வருவோம். அசோர்ஸ் தீவுகளில் ஹோர்ட்டா என்ற ஊரில் பிரயாணி ஒருவர் நண்பர்களுக்கு விருந்து வைக்கிறார். 21,700 ரெய்ஸ் என்று பில் வருகிறது. குடி முழுகிவிட்டது என்று மனிதர் அலறுகிறார். விசாரித்தால் ஆயிரம் ரெய்ஸ் ஒரு டாலர். மொத்தம் 21 டாலர் 70 சென்ட்தான். கலிலேயாக் கடலில் இன்னொரு காட்சி. அந்தப் புனித நீரில் படகு விட வேண்டும் என்று வாழ்நாள் முழுவதும் கனவு கண்ட பக்தர்கள் கரையில் நிற்கிறார்கள். படகுக்காரன் இரண்டு நெப்போலியன் நாணயம், அதாவது எட்டு டாலர், கேட்கிறான். ஒன்றுதான் தருவோம் என்று இவர்கள் பேரம் பேசுகிறார்கள். படகு போய்விடுகிறது, கூப்பிடக் கூப்பிடத் திரும்பவில்லை. நான்கு டாலரில் முக்தி தவறிப் போன கதை இது. இரண்டும் கரையில் நடந்தவைதான். ஆனால் சிரிக்கப்பட்டவர்கள் கப்பல்காரர்கள். அன்றோ நாளையோ ட்வெயின் முகத்தில் விழித்தாக வேண்டியவர்கள். அதனால் இந்தப் பக்கங்களும் நன்றாகவே இருக்கின்றன.

வித்தியாசம் வழிகாட்டிகள் வரும்போதுதான் தொடங்குகிறது. பாரீஸில் ஒருவனை அமர்த்துகிறார்கள். பில்பிங்கர் என்று அவன் பெயர். அந்தப் பெயர் வாயில் நுழையவில்லை என்று 'பெர்குஸன்' ஆக்கி விடுகிறார்கள். லூவர் மியூஸியத்துக்கு அழைத்துப் போ என்றால் அவன் பட்டுக் கடைகளுக்கே அழைத்துப் போகிறான். சரி, பாரீஸ் பெர்குஸன் செய்த காரியத்துக்கு அந்தப் பரிகாசம் தகும். ஆனால் அதற்குப் பிறகு இத்தாலியிலும் துருக்கியிலும் சிரியாவிலும் வந்த வழிகாட்டிகள் அத்தனை பேருமே பெர்குஸன்தான். ஜெனோவாவில் கொலம்பஸ் கைப்பட எழுதிய கடிதத்தைப் பரவசத்தோடு ஒருவன் காட்டுகிறான். கையெழுத்து மோசம், எங்கள் ஊர்ப் பையன்கள் இதைவிட நன்றாக எழுதுவார்கள் என்கிறார்கள். கொலம்பஸின் சிலையைக் காட்டினால், இவர் செத்துப் போய்விட்டாரா என்று கேட்கிறார்கள். நானும் வயிறு குலுங்கச் சிரித்தவன்தான். நாலாம் முறை படித்தபோதுதான் அந்த வழிகாட்டியின் முகம் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்தேன்.

நண்பர் ஒருவர் இதை ஒப்புக் கொள்வதில்லை. ஐரோப்பா என்றாலே கைகட்டி நின்ற ஒரு ஜனசமூகத்துக்குத் தலை நிமிரக் கற்றுக் கொடுத்த சிரிப்பு ஐயா இது என்பார். அது உண்மையே. மாதா கோயில்தோறும் காட்டப்படும் புனிதச் சின்னங்களையும், பார்க்குமுன்பே வியக்க வேண்டும் என்று கட்டளையிடப்பட்ட சித்திரங்களையும் ட்வெயின் பரிகசித்தது நியாயம். அவையெல்லாம் பெரிய அதிகாரங்கள். ஒரு சிரிப்பைத் தாங்கும். தினக் கூலிக்கு வழி காட்டுகிறவன் எந்த அதிகாரத்தைச் சேர்ந்தவன்? அவன் சொல்லும் பதிலை அச்சில் போட யார் இருந்தார்கள்?

ட்வெயினுக்கு இது தெரியாமல் இல்லை. பனியாஸ் என்ற கிராமத்தில், கூட வந்த டாக்டர் கண்நோய் கண்ட குழந்தை ஒன்றுக்கு மருந்து போடுகிறார். தாய் ஓடிப் போய்ச் சொல்ல, ஊரே தன் குழந்தைகளைத் தூக்கிக் கொண்டு வந்து சூழ்ந்து கொள்கிறது. அந்தப் பக்கத்தில் அவர் பரிகாசத்தைக் கீழே வைத்து விடுகிறார். ஆனால் குதிரை நகர்ந்ததும் மறுபடி எடுத்துக் கொள்கிறார்.

இப்போது என் கதை. பல வருஷங்களுக்கு முன் சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்குக் கப்பலில் போனேன். மூன்று நாள் பிரயாணம். என் காபினில் இருந்த பெரியவர் ஒருவரின் குறட்டையைப் பற்றி எழுதி, அவருக்கே படித்துக் காட்டினேன். அவர் சிரித்துவிட்டு ஒரு திருத்தமும் சொன்னார். கரையில் இறங்கி ஓர் ஆட்டோ பிடித்தேன். ஓட்டியவர் சிறைச்சாலையைக் காட்டி, தம் கொள்ளுப்பாட்டனாரைக் கைதியாகத்தான் இங்கே கொண்டு வந்தார்கள் என்று சொன்னார். இறங்கும்போது அவர் கேட்ட வாடகை எனக்கு அதிகமாகப் பட்டது. 'குலத்தொழிலை விடவில்லை போலிருக்கிறது' என்று கட்டுரையில் ஒரு வரி எழுதினேன். பத்திரிகை ஆசிரியர் அந்த வரியைத்தான் மிகவும் பாராட்டினார்.

இரண்டு மாதம் கழித்து அந்த ஊர்த் தமிழாசிரியர் ஒருவரிடமிருந்து கடிதம் வந்தது. நான் எழுதியிருந்த அடையாளத்திலிருந்து அந்த ஆட்டோக்காரர் யார் என்று அவருக்குத் தெரிந்து விட்டது. அவருடைய மகளைத் தினமும் பள்ளிக்கூடத்தில் கொண்டு விடுகிறவராம். "அவருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. தம்மைப் பற்றிப் பத்திரிகையில் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு என்னைப் படித்துக் காட்டச் சொன்னார். அந்த ஒரு வரியை மட்டும் விட்டுவிட்டுப் படித்தேன். மிகவும் சந்தோஷப்பட்டார். தங்களுக்கு வந்தனம் சொல்லச் சொன்னார்." இவ்வளவுதான் கடிதம். கோபமாக நாலு வார்த்தை எழுதியிருந்தால்கூட எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அந்தக் கட்டுரையை நான் எந்தத் தொகுதியிலும் சேர்க்கவில்லை.

ட்வெயினுக்கு அப்படி ஒரு கடிதம் வந்ததா என்பதல்ல என் கேள்வி. அவருடைய பேனா மாறியதா என்பதுதான். 1895-ல் கடனை அடைப்பதற்காக உலகம் சுற்றிச் சொற்பொழிவு செய்யக் கிளம்பினார். பஸிபிக் சமுத்திரத்தைக் கடந்து, ஆஸ்திரேலியா, இலங்கை வழியாக 1896 ஜனவரியில் பம்பாயில் இறங்கினார். அப்போது அவருக்கு வயது 60. ஹோட்டல் அறையில் ஏதோ வேலை செய்து கொண்டிருந்த இந்திய வேலைக்காரனை, ஜெர்மானியர் ஒருவர், என்ன தவறு என்றுகூடச் சொல்லாமல் முகத்தில் அறைகிறார். அவன் வாய் திறக்கவில்லை. அந்த ஒரு கணத்தில் ட்வெயின் ஐம்பது வருஷம் பின்னே, மிஸௌரியில் அடிமைகள் இருந்த தம் பிள்ளைப் பிராயத்துக்குப் போய்விடுகிறார். நல்லவரான தம் தகப்பனாரே அடிமைப் பையனை அறைந்தது ஞாபகம் வருகிறது. 1897-ல் வந்த 'பாலோயிங் தி ஈக்வேட்டர்' என்ற நூலில் இதை எழுதியிருக்கிறார். கரையில் கண்ட ஒருவனைத் தம் வீட்டுக் கணக்கில் சேர்த்துக் கொண்ட இடம் அது. 1867-ல் இதை அவர் எழுதியிருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன்.

பழைய பழக்கம் அடியோடு போய்விட்டது என்றும் சொல்ல முடியாது. அதே நூலில், பெயர் வாயில் நுழையவில்லை என்று தம் வேலைக்காரன் ஒருவனுக்குச் 'சைத்தான்' என்று பெயர் சூட்டுகிறார். ஆனால் அவனை நாம் மறப்பதில்லை. அவனுக்கு நடையும் குணமும் இருக்கின்றன. அவனை அனுப்பிய பின் ட்வெயின் ஏங்கவும் செய்கிறார். பெர்குஸன்களில் யாரைப் பிரிந்தும் அவர் ஏங்கியதில்லை.

'அயல்நாடு போன அப்பாவிக'ளை நீங்கள் அவசியம் படிக்க வேண்டும். கப்பல் அத்தியாயங்களில் தாராளமாகச் சிரியுங்கள். கரை அத்தியாயங்களிலும் சிரிக்கத்தான் போகிறீர்கள், நானும் சிரிக்கிறேன். பாரீஸ் வந்ததும் மட்டும், அந்த மனிதனின் சொந்தப் பெயர் பில்பிங்கர் என்பதை ஞாபகத்தில் வைத்துக் கொள்ளுங்கள்.