டிபன் பாக்ஸும் போர்விமானமும்: கண்காட்சியில் அரசு கை வைப்பது பற்றி

பழைய தலைமுறைச் சென்னைக்காரர்கள் எழும்பூர் மியூசியத்தைச் 'செத்த காலேஜ்' என்பார்கள். மிருகக்காட்சி சாலை 'உயிர் காலேஜ்'. வேடிக்கையான பெயர்தான், ஆனால் இதற்குள் ஒரு நம்பிக்கை இருக்கிறது. மியூசியத்துக்குள் போன சாமான் செத்த சாமான். அது இனி யாரோடும் சண்டைக்கு வராது என்ற நம்பிக்கை. இது உண்மையென்றால் எந்த அரசும் எந்தக் கண்காட்சியைக் கண்டும் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் பயப்படுகிறார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கப்படவிருந்த ஒரு டிபன் பாக்ஸைக் கண்டு உலகின் மிகப் பெரிய இராணுவ வல்லரசு மிரண்டுபோன கதை ஒன்று உண்டு. அரசுகள் கண்காட்சிகளைத் தணிக்கை செய்யலாமா என்ற கேள்வியை அந்தக் கதை வழியாகப் பேசிப்பார்க்கலாம். 'கூடாது' என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போகலாம்தான். நானும் அந்தப் பதிலைத்தான் சொல்லப்போகிறேன். ஆனால் அந்த ஒற்றை வார்த்தைக்குள் நாம் ஒளித்துவைத்திருக்கிற சங்கதிகள் சில இருக்கின்றன. அவற்றையும் வெளியே எடுத்துப்போட வேண்டும்.

1

1945 ஆகஸ்ட் 6 அன்று ஹிரோஷிமாவில் அணுகுண்டு போட்ட பி-29 விமானத்தின் பெயர் எனோலா கே. அதை ஓட்டிய பால் டிபெட்ஸ் தன் அம்மாவின் பெயரை அதற்கு வைத்தார். அந்த வருடம் முடிவதற்குள் ஹிரோஷிமாவில் செத்தவர்கள் ஏறத்தாழ 1,40,000 பேர். ஐம்பது வருடம் கழித்து, 1995இல், வாஷிங்டனில் உள்ள தேசிய வான் மற்றும் விண்வெளி அருங்காட்சியகம் அந்த விமானத்தின் முன்பகுதியைக் காட்சிக்கு வைக்கத் திட்டமிட்டது. இது ஸ்மித்சோனியன் நிறுவனத்தைச் சேர்ந்தது. நிறுவனத்தின் செலவில் பாதிக்கு மேல் அமெரிக்க அரசின் பணம். இயக்குநராக இருந்தவர் மார்ட்டின் ஹார்விட் என்ற வானியற்பியலாளர்.

அவரது குழு தயாரித்த கண்காட்சிப் பிரதி விமானத்தோடு நிற்கவில்லை. அந்தக் குண்டு அவசியம்தானா என்று 1945இலும் அதற்குப் பிறகும் நடந்த விவாதங்களைப் பேசியது. குண்டு கீழே விழுந்த இடத்துக்கும் பார்வையாளரை அழைத்துப்போனது. ஹிரோஷிமா, நாகசாகி மியூசியங்களிலிருந்து இரவல் வாங்கிய பொருட்களை அந்தப் பகுதியில் வைப்பதாக ஏற்பாடு. அதில் ஒன்று பள்ளிக்கூடத்துச் சிறுமி ஒருத்தியின் டிபன் பாக்ஸ். உள்ளே கரிக்கட்டையாகிப்போன சோறும் பட்டாணியும். அணு ஆயுதப் போட்டி வரைக்கும் வந்து கண்காட்சி முடியும்.

பிரதி வெளியே கசிந்ததும் விமானப்படைச் சங்கம் எதிர்ப்பைத் தொடங்கியது. ஜப்பானியர் பட்ட பாட்டைக் காட்டும் படங்கள் எத்தனை, அமெரிக்கர் பட்ட பாட்டைக் காட்டும் படங்கள் எத்தனை என்று எண்ணிக் கணக்குப் போட்டார்கள். அமெரிக்கன் லீஜன் என்ற முன்னாள் படைவீரர் அமைப்பு சேர்ந்துகொண்டது. 1994 செப்டம்பரில் செனட் இந்தப் பிரதியைக் கண்டித்துத் தீர்மானம் போட்டது. வரைவுக்கு மேல் வரைவாகத் திருத்திக் கொடுத்தும் தீரவில்லை.

கடைசியில் வெடித்தது ஓர் எண்ணை வைத்து. ஜப்பான்மீது படையெடுத்திருந்தால் அமெரிக்கர்களுக்கு எவ்வளவு இழப்பு நேர்ந்திருக்கும்? போர்ச் செயலராக இருந்த ஹென்றி ஸ்டிம்ஸன் 1947இல் ஒரு பத்திரிகைக் கட்டுரையில் பத்து லட்சத்துக்கு மேல் என்று எழுதினார். அமெரிக்கப் பள்ளிப்பிள்ளைகள் மனப்பாடம் செய்த எண் அது. 1945 ஜூன் மாத ஆவணங்களைப் பார்த்த வரலாற்றாளர்கள், படையெடுப்பின் முதல் கட்டத்துக்கு அப்போது போடப்பட்ட கணக்கு அதைவிட மிகச் சிறியது என்றார்கள். 1995 ஜனவரியில் ஹார்விட் பிரதியில் 63,000 என்று திருத்தப் போனார். அவ்வளவுதான். கண்காட்சியையே ரத்து செய் என்றது லீஜன். இயக்குநரை வீட்டுக்கு அனுப்பு என்று காங்கிரஸ் உறுப்பினர்கள் 81 பேர் எழுதினார்கள். ஜனவரி 30 அன்று ஸ்மித்சோனியன் செயலர் மைக்கேல் ஹைமன் கண்காட்சியைக் கைவிட்டார். மே மாதம் ஹார்விட் ராஜினாமா செய்தார். ஜூன் 28 அன்று வேறொரு கண்காட்சி திறந்தது. அதில் விமானத்தின் முன்பகுதி இருந்தது, அதைப் பழுதுபார்த்த விவரம் இருந்தது, ஓட்டிப்போனவர்கள் பேசும் வீடியோ இருந்தது. டிபன் பாக்ஸ் இல்லை.

இங்கேதான் கவனிக்க வேண்டிய ஒன்று நடந்தது. அதே வாஷிங்டனில், அதே ஜூலையில், அமெரிக்கன் பல்கலைக்கழகம் ஹிரோஷிமா, நாகசாகிப் பொருட்களை வைத்து ஒரு கண்காட்சி நடத்தியது. அதை யாரும் தடுக்கவில்லை. அதாவது விமானத்தையும் பார்க்கலாம், பஸ் ஏறிப் போனால் அது செய்த வேலையையும் பார்க்கலாம். இரண்டையும் ஒரே கூரைக்குக் கீழே மட்டும் பார்க்க முடியாது.

கண்காட்சித் தணிக்கை என்பது என்ன என்று எனக்கு இந்த இடத்தில்தான் பிடிபட்டது. புத்தகத்தைத் தடை செய்தால் புத்தகம் காணாமல் போகிறது. கண்காட்சியில் பொருள் எங்கேயும் போக வேண்டியதில்லை. ஒரு பொருளுக்கும் இன்னொரு பொருளுக்கும் நடுவில் பார்வையாளர் நடக்கிற அந்தப் பத்தடியில்தான் அர்த்தம் உண்டாகிறது. அந்தப் பத்தடியை வெட்டினால் போதும். விமானம் தொழில்நுட்பச் சாதனையாகிவிடும், டிபன் பாக்ஸ் எங்கோ நடந்த ஒரு துயரத்தின் நினைவாகிவிடும். யார் செய்தது, யாருக்குச் செய்தது என்ற வினைக்கும் செயப்படுபொருளுக்குமான தொடர்பு அறுந்துவிடும்.

2

இதற்கு ஒரு கெட்டிக்காரப் பதில் உண்டு. 'யாருடைய வாயை அடைத்தோம்? மியூசியம் எங்களுடையது, பணம் மக்களுடையது. எங்கள் சுவரில் எதை எழுதுவது என்று நாங்கள் முடிவு செய்வதற்குத் தணிக்கை என்றா பெயர்?'

சரி, அப்படியானால் வாசலில் கையெழுத்துப் போட வேண்டியதுதானே? 'இது அரசின் கருத்து, ஆராய்ச்சி அல்ல' என்று எழுதி மாட்டலாமே? மாட்ட மாட்டார்கள். ஏனென்றால் ஜனங்கள் மியூசியத்தை நம்புவது அது மந்திரிசபையின் போஸ்டர் இல்லை என்பதால்தான். அரசுக்கு ஆராய்ச்சியின் மதிப்பும் வேண்டும், போஸ்டரின் கீழ்ப்படிதலும் வேண்டும். அறிவும் அதிகாரமும் ஒன்றையொன்று உற்பத்தி செய்துகொள்வதைப் பற்றி ஃபூக்கோவைப் படித்துவிட்டு நாம் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறோம். இங்கே அது ஒரு லேபிள் அட்டை அளவில் நடக்கிறது. 2003 டிசம்பரில் முழு விமானத்தையும் வாஷிங்டனுக்கு வெளியே புதிய கட்டிடத்தில் வைத்தபோது, செத்தவர்கள் எத்தனை பேர் என்று அட்டையில் எழுதுங்கள் என ஹிபாகுஷாக்களும் (குண்டுவீச்சில் உயிர்தப்பியவர்கள்) வரலாற்றாளர்களும் கேட்டார்கள். மியூசியம் மறுத்தது.

படைவீரர்களின் மனவருத்தத்தைப் பொய் என்று நான் சொல்லவில்லை. இருபது வயதில் படையெடுப்புக் கப்பலுக்குக் காத்திருந்தவன், குண்டு போட்டதால் தான் பிழைத்தேன் என்று நம்புகிறான். அவன் குரலுக்கும் அந்த அறையில் இடம் வேண்டும்தான். ஆனால் எனக்கும் இடம் கொடு என்பது வேறு, அவளை வெளியேற்று என்பது வேறு. படைவீரர் சங்கங்கள் இரண்டாவதைக் கேட்டன. அரசு இரண்டாவதைக் கொடுத்தது. புண்பட்டவர்கள் இரண்டு பக்கமும் இருந்தார்கள். யார் புண்பட்டால் செனட்டுக்கு வலிக்கிறது என்பதுதான் கேள்வி.

3

இதை அமெரிக்க ஏகாதிபத்தியத்தின் கதை என்று மட்டும் படித்து முடித்தால் நமக்குச் சௌகரியம். ஜப்பானையும் பார்த்துவிடுவோம். 2019 ஆகஸ்டில் ஐச்சி மாநிலத்தின் கலைவிழாவில், ஜப்பானில் முன்பு தடுக்கப்பட்ட கலைப்படைப்புகளை ஒன்றுசேர்த்து ஒரு பகுதி அமைத்தார்கள். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணின் சிலை அதில் இருந்தது. ஜப்பானிய ராணுவத்தின் பாலியல் அடிமைகளாக்கப்பட்ட கொரியப் பெண்களின் நினைவாகச் செய்யப்பட்டது. அதை அகற்றச் சொன்னார் நகோயா மேயர். தீ வைப்போம் என்று மிரட்டல் வந்தது. மூன்றே நாளில் அந்தப் பகுதியை மூடினார்கள். அக்டோபரில் கடைசிச் சில நாட்களுக்குத் திறந்தார்கள் என்றாலும், அதற்குள் மத்திய அரசின் கலாச்சார முகமை 7 கோடியே 80 லட்சம் யென் மானியத்தை நிறுத்திவைத்துவிட்டது. பிற்பாடு கொஞ்சம் குறைத்துக் கொடுத்தார்கள்.

வாஷிங்டனில் இடம் மறுக்கப்பட்ட ஜப்பானியச் சிறுமியும் நகோயாவில் இடம் மறுக்கப்பட்ட கொரியச் சிறுமியும் ஒரே போரின் பிள்ளைகள். ஹிரோஷிமாவிலேயே குண்டுக்குப் பலியான கொரியர்களுக்கான நினைவுத்தூண் 1970இல் அமைதிப் பூங்காவுக்கு வெளியேதான் எழுப்பப்பட்டது. பூங்காவுக்குள் அது போய்ச் சேர்ந்தது 1999இல். பாதிக்கப்பட்டவனின் மியூசியத்துக்கும் ஒரு வெளிவாசல் இருக்கிறது. அங்கேயும் சிலர் காத்துக்கொண்டு நிற்கிறார்கள்.

4

அப்படியானால் அரசு எந்தக் காலத்திலும் மியூசியத்தில் தலையிடவே கூடாதா? சாரா பார்ட்மனை நினைத்துக்கொள்ளுங்கள். தென்னாப்பிரிக்காவின் கொய்கொய் இனப் பெண். லண்டனிலும் பாரிஸிலும் காசுக்குக் காட்டப்பட்டு 1815இல் செத்துப்போனாள். அறுத்து ஆராய்ந்தார்கள். அவளது எலும்புக்கூடும் உடலின் வார்ப்பும் 1970கள் வரை பாரிஸ் மியூசியத்தில் பார்வைக்கு இருந்தன. 1994இல் மண்டேலா கேட்டார். 2002இல் பிரெஞ்சு நாடாளுமன்றம் தனிச் சட்டமே போட்டுத் திருப்பிக் கொடுத்தது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 9 அன்று அவளை அடக்கம் செய்தார்கள்.

இதுவும் அரசுத் தலையீடுதானே என்று கேட்கலாம். ஆமாம், தலையீடுதான். ஆனால் இதனால் எந்தக் கதையும் மறையவில்லை. திருடப்பட்ட உடம்பு உரியவர்களிடம் போனது, மியூசியம் செய்த காரியம் ஊரறிய வெளியே வந்தது. எனோலா கேயில் நடந்தது இதற்கு நேர் எதிர். நிபுணர்கள் வைத்தது எதையும் தொடக்கூடாது என்று நான் வாதாடவில்லை. நிபுணர்களின் அறையும் களவுச் சாமானால் நிரம்பியதுதான். அகற்றுவதால் ஓர் உண்மை வெளிச்சத்துக்கு வருகிறதா, இருட்டுக்குப் போகிறதா என்று ஒவ்வொரு தடவையும் கேட்க வேண்டும் என்கிறேன்.

5

கடைசியாக நம் சங்கதி. 1993இல், பாபர் மசூதி இடிப்புக்குப் பிறகு, சஹ்மத் அமைப்பு 'ஹம் சப் அயோத்யா' என்று ஒரு கண்காட்சி நடத்தியது. ராமனும் சீதையும் உடன்பிறந்தவர்கள் என்று சொல்கிற பௌத்தத் தசரத ஜாதகக் கதையைக் குறிப்பிட்ட ஒரு பலகைக்காக ஃபைசாபாத்தில் கும்பல் புகுந்து உடைத்தது. டெல்லியில் போலீஸ் அந்தப் பலகையைப் பறிமுதல் செய்தது. மத்தியில் இருந்தது காங்கிரஸ் ஆட்சி. அதற்கு எதிராக நாம் குரல் கொடுத்தோம், சரியாகவே கொடுத்தோம்.

2008 மார்ச்சில் சென்னை லலித் கலா அகாதெமியில் ஔரங்கசீப் பற்றிய ஒரு கண்காட்சியைப் போலீஸ் பாதியில் மூடியது. இந்துத்துவச் சார்புள்ளவர்கள் வைத்த கண்காட்சி, வெறுப்பைக் கிளப்பும் என்று எதிர்ப்பு வந்தது. அதன் வரலாற்றுப் பார்வை எனக்கு அறவே உடன்பாடில்லை. ஆனால் அன்றைக்கு நம்மில் பலர் 'நல்லதாப் போச்சு' என்றுதான் பேசிக்கொண்டோம். நானும்தான். இப்போது யோசித்தால் அது பிசகு என்று படுகிறது. செய்ய வேண்டியிருந்தது, அடுத்த தெருவில் ஒரு கூடம் பிடித்து, அதே ஔரங்கசீப் கோயில்களுக்கு மானியம் கொடுத்த ஆவணங்களைப் பக்கத்தில் மாட்டிக் காட்டுவது. அந்த வேலையைப் போலீஸிடம் ஒப்படைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டோம். 1993இல் ஜாதகப் பலகையைத் தூக்கிப்போன கையும் அதுதான் என்பதை மறந்துவிட்டோம்.

இதெல்லாம் பழங்கதை என்று யாரும் சொல்ல வேண்டாம். 2025 மார்ச் 27 அன்று ஸ்மித்சோனியனில் 'முறையற்ற சித்தாந்தம்' இருக்கிறது, அதைக் களைய வேண்டும் என்று டிரம்ப் ஆணை போட்டார். ஆகஸ்டில், எட்டு மியூசியங்களின் கண்காட்சிகளைப் பரிசீலிக்கப் போவதாக வெள்ளை மாளிகை கடிதம் எழுதியது. எட்டில் ஒன்று நம் கதையின் அதே விமான மியூசியம். அதே மார்ச்சில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை நீக்குவதற்காகக் குறித்துவைத்த படங்களின் பட்டியல் ஒன்று வெளியானது. அதில் எனோலா கேயின் படமும் இருந்தது. பெயரில் 'கே' என்ற சொல் இருந்ததுதான் காரணமாக இருக்க வேண்டும் என்று செய்தி போட்டார்கள். டிபெட்ஸின் அம்மா பெயருக்கும் கடைசியில் இந்தக் கதி.

ஆகவே நாம் கேட்க வேண்டியது என்ன? மியூசியத்தில் இருப்பது அரசுக்குப் பிடிக்கவில்லையா, பக்கத்தில் தன் அட்டையை, தன் கையெழுத்தோடு மாட்டட்டும். பாதிக்கப்பட்டதாகச் சொல்கிற எவருக்கும் அதே உரிமை இருக்கட்டும். எதையாவது அகற்றினால் அந்த இடத்தைக் காலியாகவே விட வேண்டும். யார் சொல்லி, எந்தத் தேதியில், என்ன காரணத்துக்காக அகற்றப்பட்டது என்ற உத்தரவை அங்கேயே மாட்ட வேண்டும். 1995 முதல் 1998 வரை அந்த விமானத்தைப் பார்க்கப் போனவர்கள் ஏறத்தாழ 40 லட்சம் பேர் என்கிறார்கள். பக்கத்தில் ஒரு வெற்றுக் கண்ணாடிப் பெட்டியும், 'இங்கே ஒரு சிறுமியின் டிபன் பாக்ஸ் இருந்திருக்க வேண்டும்' என்ற ஒரு வரியும் இருந்திருந்தால், அவர்களில் கொஞ்சம் பேராவது ஏன் என்று கேட்டிருப்பார்கள்.