தந்தை போன்ற முதலாளி

தண்டையார்பேட்டையிலிருந்து சென்னைத் துறைமுகம் தொலைவில் இல்லை. 1926இல் கட்டப்பெற்ற ‘ரஜூலா’ என்னும் கப்பல், ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் அத்துறைமுகத்திலிருந்து நாகப்பட்டினம் வழியாகப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் தமிழரை ஏற்றிச் சென்றது. இன்று வெல்டிங்கும் ஃபிட்டர் வேலையும் கற்ற இளைஞர்கள் வளைகுடாவுக்கு விமானம் ஏறுகிறார்கள். புறப்படும் ஓர் இளைஞனுக்குத் தமிழ்ப் புதினம் ஒன்றைப் பரிந்துரைக்கச் சொன்னால், இலக்கிய அன்பர்கள் ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’யைத்தான் சொல்வார்கள். நானோ அவரது முதல் நாவலாகிய ‘கடலுக்கு அப்பால்’ என்பதையே அவன் கையில் கொடுப்பேன்.

சிங்காரம் சிங்கம்புணரியில் 1920இல் பிறந்தவர். 1938இல் சுமத்ராவின் மேடான் நகருக்கு வேலைக்குச் சென்றார். 1946இல் தாயகம் திரும்பி, மதுரையில் ‘தினத்தந்தி’யில் நெடுங்காலம் பணியாற்றி, 1997இல் மறைந்தார். ‘கடலுக்கு அப்பால்’ 1959இலும் ‘புயலிலே ஒரு தோணி’ 1972இலும் நூலாயின.

முதல் நாவலின் களம், போர் ஓய்ந்த பினாங்கு. வட்டிக்கடையில் ‘அடுத்தாள்’ என்னும் நிலையில் பணிபுரிந்த செல்லையா, இடையில் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்துவிட்டுத் திரும்புகிறான். முதலாளி வயிரமுத்துப் பிள்ளையின் மகள் மரகதமும் அவனும் ஒருவரையொருவர் விரும்புகின்றனர். ஆனால் துப்பாக்கி பிடித்த கை கணக்கு எழுத ஆகாது என்பது பிள்ளையின் தீர்ப்பு. காதல் கதையாகவே இதைப் படித்து மூடிவிடுவோர் உண்டு. அது நூலுக்குச் செய்யும் குறை.

வயிரமுத்துப் பிள்ளை கொடியவர் அல்லர். அந்நிய மண்ணில் செல்லையாவை வளர்த்து ஆளாக்கியவர். அவன்மேல் உண்மையான அன்பும் கொண்டவர். அந்த வட்டித்தொழிலில் பையன்கள் ஊரிலிருந்து தவணைக்கு வருவார்கள். பெட்டியடியில் அமர்ந்து படிப்படியாக உயர்வார்கள். உண்பதும் உறங்குவதும் கடையிலேயே. வேலையும் வீடும் ஒன்றாகிவிட்ட அந்த இடத்தில், முதலாளி தந்தையாகிறார். ஆனால் முடிவெடுக்கும் நாளில் தந்தை விலகிக்கொள்ள, முதலாளி மட்டும் எஞ்சுகிறார். இதைச் சிங்காரம் வசைபாடாமல், ஏறக்குறையப் பேரேட்டின் நடையிலேயே சொல்கிறார். ‘புயலிலே ஒரு தோணி’யின் வீரமும் எள்ளலும் என்னைக் கவர்ந்தவையே. எனினும் அதன் பாண்டியன் சாகசக்காரன்; வேலைக்காரனின் தனிமையைச் செல்லையாவிடமே காண்கிறோம்.

இன்றும் நிலைமை பெரிதாக மாறிவிடவில்லை. ஏஜெண்ட் ‘நம்ம தெரு அண்ணன்’ ஆகிவிடுகிறார். அண்ணனிடம் ஒப்பந்தத்தைக் காட்டும்படி கேட்பது மரியாதைக் குறைவு என்று தாயே தடுக்கிறாள். வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்போர் முறைப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும் என்று 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டம் விதித்தது. அந்தப் பதிவுச் சான்றை அண்ணனிடம் கேட்க எந்த வீட்டில் நா எழுகிறது? பாசம் பொய்யென்று நாவல் சொல்லவில்லை. பாசம் ஒப்பந்தத்திற்கு ஈடாகாது என்பதையே காட்டுகிறது.

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். ஊரில் காத்திருப்போர் சிங்காரத்தின் இரு நாவல்களிலும் நினைவுகளாகவே வந்துபோகிறார்கள். வட்டிக்குக் கடன் வாங்கி மகனை அனுப்பிவிட்டு, முதல் மாதப் பணம் வரும்வரை வட்டிக்காரருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும் தாய் அந்தப் பக்கங்களில் பேசுவதில்லை.