ஒரு மலை, ரெண்டு ஹீரோ

திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டில் நின்று 'அண்ணாமலை!' என்று ஒரு சத்தம் போட்டுப் பாருங்கள். டீ மாஸ்டர் திரும்புவார், பூக்காரர் திரும்புவார். 'அருணாசலம்!' என்றால் மிச்சம் இருக்கிறவர்கள் திரும்புவார்கள். மலை, சாமி, மனுஷன்... எல்லோருக்கும் அங்கே ஒரே பேர்தான். சிதம்பரத்தில் செட்டியார் ஆரம்பித்த யுனிவர்சிட்டிக்கும் அதே பேர்.

மலையின் அந்த ரெண்டு பேரும் ரஜினி படங்களாகிவிட்டன. 1992-ல் 'அண்ணாமலை', 1997-ல் 'அருணாசலம்'. ரெண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால், ஒன்றில்தான் பேருக்கு வேலை இருக்கிறது.

அண்ணுதல் என்றால் நெருங்குதல். அண்ணா மலை, யாரும் நெருங்க முடியாத மலை. பிரம்மாவும் விஷ்ணுவும் அடிமுடி தேடித் தோற்ற இடமாச்சே! சுரேஷ் கிருஷ்ணா படத்தில், சைக்கிளில் பால் ஊற்றுகிற அண்ணாமலையின் வீட்டை இடிக்கிறார்கள். நண்பன் வாசலில் தொடையைத் தட்டி அவன் சபதம் போடும்போது தியேட்டரில் எத்தனை விசில்! இந்திப் படக் கதைதான் ('குத்கர்ஸ்', 1987). ஆனாலும் படிப்படியாக ஏறி, எட்ட முடியாத உயரத்துக்குப் போகிறவனுக்கு இதைவிடப் பொருத்தமான பேர் கிடையாது.

சுந்தர்.சி.யின் 'அருணாசலம்' வேற கதை. 30 நாளில் 30 கோடியைச் செலவழிக்கணும், கையில் சொத்து எதுவும் மிஞ்சக் கூடாது. ஜெயித்தால் 3,000 கோடி. 1902-ல் வந்த ஓர் அமெரிக்க நாவலிலிருந்து கிளம்பிய கணக்கு இது. பி.காம். படித்தவன் என்பதால் சொல்கிறேன், தமிழ் சினிமாவில் இவ்வளவு சுவாரஸ்யமான பேலன்ஸ் ஷீட்டை நான் பார்த்ததில்லை. லாட்டரி, குதிரை ரேஸ் என்று போகிறான், போட்ட பணம் பெருகித் தொலைக்கிறது! கிரேஸி மோகன் வசனம் வேறு.

ஆனால், பேர்? குப்புசாமி என்று வைத்திருந்தாலும் கதை ஓடியிருக்கும். என் வருத்தமே அதுதான். திருவோட்டோடு பிச்சைக்குக் கிளம்பிய சாமியின் பேர் அது. கையைக் காலி பண்ண வேண்டிய ஹீரோவுக்கு அந்தப் பேரை வைத்துவிட்டு, அந்தப் பொருத்தத்தைப் படம் கவனிக்கவே இல்லை. நெற்றியில் பட்டை, கழுத்தில் ருத்ராட்சம், பாட்டில் சிவன்... அதோடு சரி. பக்தி போஸ்டர் வரைக்கும் வந்தது, திரைக்கதைக்குள் வரவில்லை.

பௌர்ணமிக்குப் பதினாலு கிலோமீட்டர் வெறுங்காலோடு சுற்றுகிற அருணாசலங்களில் ஒருத்தரைக் கதை டிஸ்கஷனுக்குக் கூப்பிட்டிருக்கலாம்.