மழையில் ஆடிய கலைஞர்கள்
1952-ஆம் வருஷத்தில் வெளிவந்த ‘சிங்கிங் இன் தி ரெயின்’ என்னும் ஹாலிவுட் சங்கீதச் சித்திரத்தில், ஜீன் கெல்லி மடக்கிய குடையுடன் தெருவோரத் தண்ணீரில் குதித்தாடும் கட்டத்தை எத்தனை முறை பார்த்தாலும் மனம் ஆனந்தத்தால் நிரம்பிவிடுகிறது. கடுஞ்சுரத்துடனே அவர் ஆடினார் என்று அறிந்த பின்னர் அந்த ஆனந்தத்துடன் பக்தியும் சேர்ந்துகொண்டது. சுவரில் ஓடியேறிக் குட்டிக்கரணம் போடும் டொனால்ட் ஓ’கானரும், போதிய நாட்டியப் பயிற்சி இல்லாமலே 19 வயதில் அவ்விருவருக்கும் ஈடுகொடுத்த டெபி ரெனால்ட்ஸும் பிரமாதந்தான். ஆயினும் என் விசேஷ அபிமானம் ஜீன் ஹேகனுக்கே உரியது. மௌனப் படங்கள் பேசத் தொடங்கிய காலத்தில் கீச்சுக்குரலால் கீர்த்தியை இழக்கும் நட்சத்திரமாக நடித்த அந்த அம்மையாருக்கு இயல்பில் இனிய, கம்பீரமான சாரீரம். கதைப்படி டெபி அவருக்கு இரவல் தரும் வசனக் குரலே உண்மையில் ஹேகனுடைய சொந்தக் குரல்தான். அதை மறைத்துக்கொண்டு, காது கூசும்படி பேசி, ஒரு கணமும் பிசகாமல் நடித்த அவருடைய சாமர்த்தியத்தை எவ்வளவு புகழ்ந்தாலும் எனக்குத் திருப்தி உண்டாவதில்லை.